காவலில் பட்டவர்கள்

மீன்சுருட்டி, விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊர். மேற்கே கங்கைகொண்ட சோழபுரமும் ஜெயங்கொண்டமும், வடகிழக்கே காட்டுமன்னார்கோயில், தெற்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணைக்கரை. அரியலூர், கடலூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் எல்லைகள் நெருங்கி வரும் இடம் இது. இரவில் இந்தச் சாலையில் போகிறவர் யாரும் ரோந்து வண்டியையோ சோதனைக்கு நிறுத்தப்பட்ட லாரியையோ பார்க்காமல் போவது அரிது. இந்த வட்டாரத்துக்குக் காவல் வேலை ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அந்த வேலையில் இருக்கும்போதே உயிர்விட்டவர்களை ஊரும் அரசும் எப்படி நினைவில் வைத்தன என்பதற்கும் அதே அளவு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு முனை கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கிறது. மறுமுனை இதே மாவட்டத்துக் கார்குடியில் இருக்கிறது.

ராசேந்திர சோழன் 1025-ஐ ஒட்டித் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். அடுத்த இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழப் பேரரசு இங்கிருந்துதான் ஆளப்பட்டது. நகரைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களில் அந்தக் காலம் இன்னும் தங்கியிருக்கிறது. அரண்மனை அடித்தளம் தோண்டி எடுக்கப்பட்ட மாளிகைமேடு, கோட்டைக்குள் அடங்கியிருந்த உட்கோட்டை, படைக்கலம் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஆயுதக்களம், மன்னனின் மெய்க்காப்பாளர் குடியிருந்ததாகச் சொல்லப்படும் மெய்க்காவல்புத்தூர் எல்லாம் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

அந்தக் காலத்துக் காவலருக்கு வேலை எப்படிக் கிடைத்தது, கூலி எங்கிருந்து வந்தது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் துல்லியமாகச் சொல்கின்றன. கோயிலுக்குத் திருமெய்காப்பு செய்ய ஆள் அனுப்பும் பொறுப்பை ராசராசன் பல ஊர்ச் சபைகள் மேல் வைத்தான். அப்படி அனுப்பப்பட்ட காவலர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊரே ஆண்டுக்கு 100 கலம் நெல் அளக்க வேண்டும். காவலர் நிற்பது தஞ்சாவூரில். அவர் வீட்டுச் சோற்றுக்குப் பொறுப்பு சொந்த ஊர். இந்த ஏற்பாட்டை ஊர் வாரியாகப் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊர்க்காவல் தனி. அதற்குப் பாடிகாவல் என்று பெயர். பாடிகாவலுக்கென்று ஊரார் தனி வரி கொடுத்தார்கள். பிற்காலச் சோழர் ஆட்சி தளர்ந்தபோது இந்தப் பாடிகாவல் உரிமை சம்புவராயர், காடவராயர் போன்ற குறுநிலத் தலைவர்கள் கைக்குப் போயிற்று. காவல் உரிமை யார் கையில் இருந்ததோ அவர்களே அந்தப் பகுதியின் உண்மையான ஆட்சியாளர்களாகவும் ஆனார்கள்.

காவலில் இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கிறது. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் அந்த நிலத்துக்குப் பெயர். இரண்டும் சிந்திய இரத்தத்துக்காகக் கொடுத்த நிலத்தையே குறிக்கும். ஊரைக் காக்கப் போய் மாண்டவனின் மனைவி மக்கள் அந்த நிலத்தை உழுது பிழைத்தார்கள். அதற்கு வரி விலக்கு கொடுத்ததும் உண்டு. வீரனைப் பாராட்டுவது ஒரு பக்கம், அவன் வீட்டில் அடுப்பு எரிய வழிசெய்வது மறுபக்கம் என இரண்டையும் ஒரே கல்லில் பதித்த சமூகம் இது.

நடுகல் மரபு இதைவிடப் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை எனக் கருதப்படுகின்றன. அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்தபோது நடந்த பூசலில் இறந்தவனுக்கு எழுப்பப்பட்டது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதற்குப் படையலிட்டு வாழ்த்துவது வரையான ஆறு கட்டங்களைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று முறைப்படுத்துகிறது. இறந்தவனுக்கு இன்ன இன்ன சடங்கு இந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று இலக்கணமே எழுதி வைத்த காலம் அது.

நடுகற்களில் ஒன்றை மட்டும் நின்று பார்ப்பது தகும். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் இருக்கும் அது முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபட்டான். அவனுடைய உருவம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகில் ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வர்களைக் கடித்து விரட்டிக் காவல் காத்து நின்றது என்கிறது அங்குள்ள எழுத்து. மன்னனின் பெயர், ஆட்சியாண்டு, தலைவனின் பெயர், இறந்தவனின் பெயர், என்ன வேலையில் இறந்தான் என்ற செய்தி, கூட நின்ற நாயின் பெயர் உட்பட எல்லாம் சில வரிகளுக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு நினைவுக்கல்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று இன்றைக்கு யாரேனும் கேட்டால், இந்தக் கல்லைக் காட்டினாலே போதும்.

செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் நடுகற்கள் உடையார்பாளையம் பக்கத்தில் அபூர்வம். காரணம் மண்தான். அரியலூர் வட்டாரம் கடல் உள்வாங்கிப் படிந்த சுண்ணாம்புப் பாறையும் களிமண்ணும் உள்ள நிலம். கொள்ளிடக் கரையில் வண்டல். கருங்கல் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வர வேண்டும். பேரரசன் கோயில் கட்டக் கல் கொண்டுவருவான். ஊர்க்காவலனுக்காக யார் கொண்டுவருவார்? அதனால் இங்கே நினைவு செங்கல்லுக்கும் சுடுமண்ணுக்கும் இடம் மாறியது. காவலில் மாண்டவரைப் பட்டவன் என்றும் பட்டவர் என்றும் சொல்லி, ஏரிக்கரையிலோ ஊர் எல்லையிலோ மேடை கட்டிப் படையல் போடும் வழக்கம் காவிரிப் படுகையெங்கும் உண்டு. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், அரியலூர் ஊர்களில் வணங்கப்படும் மதுரைவீரனும் காத்தவராயனும் கதைப்பாடல்களின்படி காவல் வேலையில் இருந்தவர்கள்; இருவருமே கொலைத் தண்டனைக்கு உள்ளானவர்கள். அதிகாரம் கொன்றவனையும் ஊர் காவல் தெய்வமாக எடுத்துக்கொண்டது. யாரை நினைப்பது என்பதை அரசு மட்டும் முடிவு செய்துவிட முடியாது என்பதற்கு அந்தக் கோயில்களே சாட்சி.

பாளையக்காரர் காலத்தில் காவல் கட்டணம் வசூலிக்கும் உரிமை உடையார்பாளையம் போன்ற பாளையங்களின் முக்கிய வருமானமாக இருந்தது. ஊர்க் காவல்காரருக்கு அறுவடையில் பங்கு உண்டு. பதிலுக்கு, ஊரில் களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும். 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு இந்த ஏற்பாடு குலைந்தது. 1802-இல் கொண்டுவந்த, தாரோகா எனப்படும் காவல் அதிகாரிகளை நியமிக்கும் முறை பயன்படவில்லை. 1816-இன் 11-ஆம் ஒழுங்குவிதி, காவலை மீண்டும் கிராம மணியக்காரரிடமும் தலையாரியிடமும் கொடுத்து, மேற்பார்வையைக் கலெக்டரிடம் வைத்தது. வரி வசூலும் காவலும் ஒரே கையில் சேர்ந்ததால் நடந்த சித்திரவதைகளை 1855-இல் வந்த விசாரணைக் குழு அறிக்கை அம்பலமாக்கியது. அதன் விளைவுகளில் ஒன்றுதான் தனிக் காவல்துறை. 1859 செப்டம்பர் 6-ஆம் நாள் மெட்ராஸ் மாவட்டக் காவல் சட்டம் நிறைவேறியது. தமிழ்நாடு அரசு 2025 முதல் செப்டம்பர் 6-ஐக் காவலர் நாளாகக் கொண்டாடுவதற்கு அதுவே காரணம்.

புதிய சட்டம் சீருடை, சம்பளம், பதவி அடுக்கு, பாரா முறை எல்லாவற்றையும் கொண்டுவந்தது. இறந்த கான்ஸ்டபிளை நினைவில் வைக்கும் முறையை மட்டும் கொண்டுவரவில்லை. வெள்ளை அதிகாரிகள் இறந்தால் தேவாலயச் சுவரில் சலவைக்கல் பதித்தார்கள். தூத்துக்குடியில் கலெக்டர் ஆஷுக்கு மண்டபமே எழுப்பினார்கள். கொள்ளையரோடு மோதியோ ஆற்று வெள்ளத்திலோ காலராவிலோ மாண்ட உள்ளூர்க் கான்ஸ்டபிளின் பெயர் நிர்வாக அறிக்கையில் ஓர் எண்ணாகக் கரைந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் போலீஸ் அந்நிய அரசின் கை. 1922 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்துச் சௌரி சௌராவில் ஊர்மக்கள் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தார்கள். காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். இறந்த காவலருக்கு ஆங்கில அரசு அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியது. அந்த வழக்கில் தூக்கிலிடப்பட்டவர்களுக்குச் சுதந்திர இந்தியா வேறொரு நினைவுச்சின்னம் எழுப்பியது. இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. தடியடியையும் துப்பாக்கிச் சூட்டையும் நேரில் கண்ட தலைமுறைக்குக் காவலரின் சாவுக்காகக் கண்ணீர் விடுவது எளிதாக இருந்திருக்காது. சுதந்திரத்துக்குப் பிறகும் 12 ஆண்டுகள் வரை பணியில் இறந்த காவலர்களுக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு நாள் ஏற்படாமல் போனதில் இந்தத் தயக்கத்துக்குப் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

அந்த நாளை ஏற்படுத்தியது லடாக்கில் நடந்த ஒரு சாவு. திபெத்தை ஒட்டிய எல்லையை அப்போது இராணுவம் காக்கவில்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் உளவுத்துறையின் காவல் பிரிவுகளும்தான் காத்தன. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை உருவானதே 1962 அக்டோபரில்தான். 1959 அக்டோபர் 20 அன்று, வடகிழக்கு லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் எனப்படும் வெந்நீர் ஊற்றுப் பகுதியிலிருந்து மூன்று ரோந்துக் குழுக்கள் லனக் கணவாய்ப் பக்கம் வழி பார்க்கப் போயின. இரண்டு குழுக்கள் பிற்பகலுக்குள் திரும்பிவிட்டன. இரண்டு காவலரும் ஒரு சுமை தூக்குபவரும் கொண்ட மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் காலை, உளவுத்துறை அதிகாரி கரம் சிங் தலைமையில் சுமார் 20 காவலர்கள் அவர்களைத் தேடிப் புறப்பட்டார்கள். கரம் சிங் குதிரையில் போனார், மற்றவர்கள் நடந்தார்கள். நண்பகல் வாக்கில் ஒரு குன்றின் மேலிருந்து சீனப் படையினர் கையெறி குண்டுகளை வீசிச் சுடத் தொடங்கினார்கள். மரமோ பாறை மறைவோ இல்லாத உயர்ந்த வெட்டவெளி அது. பத்துக் காவலர்கள் அங்கேயே இறந்தார்கள். ஏழு பேர் காயத்தோடு பிடிபட்டார்கள்; மீதிப் பேர் தப்பித்து வந்தார்கள். இறந்தவர்களின் உடல்களைச் சீனா மூன்று வாரம் கழித்து, நவம்பர் 13 அன்றுதான் ஒப்படைத்தது. அதே ஹாட் ஸ்பிரிங்ஸில் காவல்துறை மரியாதையோடு எரியூட்டினார்கள்.

காணாமல் போன மூன்று பேரைத் தேடப் போனவர்கள் அவர்கள். 1960 ஜனவரியில் கூடிய மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் ஆண்டு மாநாடு, அக்டோபர் 21-ஐ நாடு முழுவதும் நினைவு நாளாகக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. தமிழ்நாட்டில் இதைக் காவலர் வீரவணக்க நாள் என்கிறார்கள். நீத்தார் நினைவு நாள் என்றும் சொல்வதுண்டு. ஒவ்வொரு ஆண்டும் பல மாநிலக் காவலர்கள் அடங்கிய குழு ஒன்று ஹாட் ஸ்பிரிங்ஸ் வரை சென்று அஞ்சலி செலுத்திவிட்டு வருகிறது.

சென்னையில் மெரினா கடற்கரை எதிரே காவல்துறைத் தலைமை அலுவலகத்தில் உள்ள நினைவுச் சின்னத்திலும், மாவட்டங்களில் ஆயுதப்படை மைதானங்களிலும் அன்று காலை அணிவகுப்பு நடக்கும். மற்ற அணிவகுப்புகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. துப்பாக்கிகளைக் குழல் கீழ்நோக்கி இருக்கும்படி தலைகீழாகப் பிடித்துக் காவலர்கள் தலை குனிந்து நிற்பார்கள். பியூகிளில் இறுதி வணக்க இசை ஒலிக்கும். வானத்தை நோக்கிக் குண்டுகள் முழங்கும். முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடெங்கும் பணியில் இறந்த காவலர்களின் பெயர்கள் படிக்கப்படும். எந்த மாநிலம், எந்தப் படை, என்ன பதவி என்று ஒவ்வொன்றாக வரும் அந்தப் பட்டியல்தான் நிகழ்ச்சியின் உயிர். மணிப்பூரில் இறந்த கான்ஸ்டபிளின் பெயரைத் தமிழ்நாட்டு ஆயுதப்படை மைதானத்தில் ஓர் அதிகாரி உரக்கப் படிக்கிறார். தமிழ்நாட்டுக் காவலரின் பெயர் அங்கே படிக்கப்படுகிறது. மாலை, உரை, புகைப்படம் எல்லாம் மற்ற விழாக்களிலும் உண்டு. பெயரைச் சொல்லிப் படிக்கும் இந்தப் பகுதிக்கு ஈடானது வேறெதுவும் இல்லை.

டெல்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டது 2018 அக்டோபர் 21 அன்றுதான். ஹாட் ஸ்பிரிங்ஸ் தாக்குதல் நடந்து 59 ஆண்டுகள் ஆகியிருந்தன. 6.12 ஏக்கர் நிலத்தில், 30 அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட ஒற்றைக் கருங்கல் தூணை நடுவில் நிறுத்தினார்கள். வடிவமைத்தவர் சிற்பி அத்வைத கடநாயக். அதன் வீரச் சுவரில் 1947 முதல் அதுவரை பணியில் இறந்த 34,844 காவலர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஒரு பெயரைத் தேடி வரும் குடும்பம் அதைத் தடவிப் பார்க்கக் கல் கிடைத்துவிட்டது. அரியலூரிலிருந்து டெல்லி போய்த் தடவிப் பார்க்க எத்தனை குடும்பத்துக்கு வசதி உண்டு என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டில் காவலர் சாவு பொதுமக்கள் மனத்தில் ஆழப் பதிந்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று திருப்பத்தூரில் நடந்தது. 1980 ஆகஸ்ட் 6 அன்று, பிடித்து வந்த நக்சலைட்டுகளைக் காரில் கொண்டுவந்துகொண்டிருந்தபோது வெடித்த குண்டில் ஆய்வாளர் பழனிச்சாமியும் உடன் இருந்த காவலர்களும் இறந்தார்கள். அன்றைய எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய நக்சலைட் எதிர்ப்பு நடவடிக்கைக்கு இறந்த ஆய்வாளரின் மகள் பெயரையே வைத்தார்கள். அந்த நடவடிக்கையின் பெயரில் நடந்தவை பற்றிக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவை தனியே பேசப்பட வேண்டியவை. திருப்பத்தூரில் நினைவுத்தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்ட் 6 அன்றும் அங்கே அஞ்சலி நடக்கிறது. அக்டோபர் 21-க்காகக் காத்திராமல், இறந்த நாளிலேயே, இறந்த ஊரிலேயே நினைக்கும் வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது.

வீரப்பன் காட்டில் இறந்தவர்களின் பட்டியல் நீளம். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். காவலரோடு வனக் காவலர்களும், வழிகாட்டவும் தகவல் சொல்லவும் கூடப்போன சாதாரண ஊர்க்காரர்களும் அவர்களில் அடக்கம். சீருடை அணியாமல் இறந்தவர்களின் பெயர்கள் எந்த அணிவகுப்பிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. சோழர் காலத்து உதிரப்பட்டிக்கு அந்த வேறுபாடு கிடையாது. அதே காட்டில் 1991 நவம்பர் 10 அன்று கர்நாடக வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் கொல்லப்பட்டார். வீரப்பன் சரணடையப் போகிறான் என்ற செய்தியை நம்பி ஆயுதம் இல்லாமல் போனவரைச் சுட்டுத் தலையைத் துண்டித்தார்கள். வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்தில், தமிழ் பேசும் அந்த ஊர் மக்களுக்காக, மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தவர் அவர். அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது கிடைத்தது. கோபிநத்தம் மக்கள் அந்தக் கோயிலில் அவருடைய படத்தை வைத்திருக்கிறார்கள். பட்டவனுக்கு மேடை கட்டிய மரபின் நேர்த் தொடர்ச்சி அது. அரசாணை எதுவும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

பெரிய நடவடிக்கைகளில் இறப்பவர்கள் செய்தியாகிறார்கள். காவலரில் கணிசமானோர் இறப்பது அன்றாட வேலையில்: இரவு ரோந்தில், சோதனைச்சாவடியில், நெடுஞ்சாலை விபத்தில். 2018 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணம் காவல் நிலையத்தைச் சேர்ந்த ஜெகதீஷ்துரை, மணல் கடத்தலைத் தடுக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார். 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். பணி ஓய்வுக்கு அவருக்குச் சில மாதங்களே இருந்தன. கொள்ளிடத்து மணலையும் மாவட்ட எல்லைச் சாலையையும் காக்கும் மீன்சுருட்டி, தா. பழூர் போன்ற நிலையங்களின் காவலருக்கு இந்த இரண்டு சாவுகளும் தூரத்துச் செய்திகள் ஆகா.

அரியலூருக்கு அடுத்த திருச்சிராப்பள்ளியில் 2021 நவம்பர் 21 அதிகாலை நடந்தது இன்னும் நெருக்கமானது. நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். இரு சக்கர வண்டிகளில் ஆடுகளோடு சிலர் போவதைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். அவர்கள் நிற்கவில்லை. தம் வண்டியில் தனியாகத் துரத்தினார். திருச்சிராப்பள்ளி மாவட்ட எல்லையைத் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூரை அடுத்த பள்ளத்துப்பட்டி வரை துரத்தல் நீண்டது. அங்கே ரயில்வே சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கி நின்றதால் அவர்களால் மேலே போக முடியவில்லை. அவர்களை மடக்கிப் பிடித்த பூமிநாதன், சக காவலருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். உதவி வந்து சேர்வதற்குள் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் இருவர் 18 வயதுகூட நிரம்பாத சிறுவர்கள்.

திருடு போனவை ஆடுகள். விலை சில ஆயிரம் ரூபாய். அதற்காக ஒருவர் உயிரை விட்டிருக்க வேண்டுமா என்று அப்போது பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதாகத் தோன்றலாம். ஆனால் ஆடு வளர்க்கும் வீட்டுக்கு அந்த ஆடுதான் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கல்யாணச் சீர். ஆட்டைக் களவு கொடுத்த ஏழை புகார் கொடுக்க வரும்போது, அதைச் சின்ன வழக்கு என்று ஒதுக்காத ஒரு காவலர் அந்த நிலையத்தில் இருந்தார் என்பதுதான் அந்தச் சாவு சொல்லும் செய்தி. எருமை காத்து மாண்ட கருந்தேவக்கத்திக்கும் ஆடு மீட்கப் போய் மாண்ட பூமிநாதனுக்கும் இடையே சுமார் 1,400 ஆண்டுகள். இருவர் செய்த வேலையும் ஒன்று. அரசு பூமிநாதனின் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாயும் வாரிசுக்கு அரசு வேலையும் அறிவித்தது. வில்சன் குடும்பத்துக்கும் 1 கோடி ரூபாய் கொடுத்தது. நிலமாக அளந்த உதிரப்பட்டி இன்று காசோலையும் கருணை நியமனமுமாக மாறியிருக்கிறது.

மீன்சுருட்டி இருக்கும் மாவட்டம் 1995 வரை திருச்சிராப்பள்ளியின் பகுதி. பிறகு பெரம்பலூரின் பகுதி. 2001-இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மீண்டும் அரியலூர் மாவட்டம். இந்த மாற்றங்களில் ஆவணங்கள் மூன்று தலைமையகங்களுக்கிடையே பிரிந்து கிடக்கின்றன. உள்ளூர்க் காவலர் வரலாற்றை எழுத முனைகிறவருக்கு இது உண்மையான இடைஞ்சல். ஆயினும் ஒரு பெயரை மாவட்டம் முழுவதும் அறியும். 2019 பிப்ரவரி 14 அன்று ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் புல்வாமா மாவட்டம் லெத்போராவில், 78 வண்டிகளில் சென்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படை அணிமேல் வெடிபொருள் நிரப்பிய கார் மோதியது. நாற்பது பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் இருவர்: தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியைச் சேர்ந்த சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரன். சிவச்சந்திரனின் உடல் திருச்சிராப்பள்ளி விமான நிலையம் வந்து, அங்கிருந்து கார்குடிக்குப் போனது. தமிழ்நாடு அரசு இரு குடும்பங்களுக்கும் தலா 20 லட்சம் ரூபாய் அறிவித்தது.

மத்திய ரிசர்வ் போலீஸ் படை இராணுவம் அல்ல. பெயரிலேயே சொல்லியிருப்பது போல அது போலீஸ். 1939-இல் நீமச்சில் தொடங்கி 1949-இல் இப்போதைய பெயர் பெற்ற அந்தப் படையின் ஆட்கள்தான் ஹாட் ஸ்பிரிங்ஸிலும் இறந்தார்கள், லெத்போராவிலும் இறந்தார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. சிவச்சந்திரனை இராணுவ வீரர் என்றே எழுதியவர்கள் உண்டு. அவர் காவலர். அரியலூரில் அக்டோபர் 21 அன்று படிக்கப்படும் பட்டியல் அவருடையதும்தான்.

காவல்துறை செய்யும் தவறுகளைத் தமிழ்ச் சமூகம் மறக்கக் கூடாது. காவல் நிலைய மரணங்களும் பொய் வழக்குகளும் நினைவில் இருக்க வேண்டியவை. அந்த நினைவு, கடமையில் இறந்தவரை மறப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் சுமப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. காத்தவராயனைக் கழுவேற்றிய கதையையும் அவனைக் காவல் தெய்வமாகக் கும்பிடும் வழக்கத்தையும் ஒரே ஊர்தான் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில், ஆய்வாளர் அறைச் சுவரில் ஒரு பலகை பொதுவாக இருக்கும். அங்கே பணியாற்றிய அதிகாரிகளின் பெயர்களும் வந்த நாள், போன நாளும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பணியில் இறந்தவர்களுக்கென்று இரண்டாவது பலகை ஒன்றும் ஒவ்வொரு நிலையத்திலும் வேண்டும். அதை ஆய்வாளர் அறைக்குள் மாட்டாமல், புகார் கொடுக்க வருபவர் காத்திருக்கும் முன்கூடத்தில் மாட்ட வேண்டும். அந்த நிலையத்தில் பணியாற்றி இறந்தவர், அந்த நிலைய எல்லைக்குள் பிறந்து வேறெங்கோ இறந்தவர் இருவர் பெயரும் அதில் வர வேண்டும். சீருடை அணியாமல் கூடப்போய் இறந்த ஊர்க்காரர் பெயரும் சேர வேண்டும். எடத்தனூர்க் கல்லில் உள்ளது போலப் பெயர், நாள், என்ன வேலையில் இறந்தார் என்ற ஒரு வரி, அவ்வளவு போதும். பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் ஓய்வுபெற்ற காவலர்களும் ஏட்டுகளும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் உள்ள பெயர்களை இப்போதே கேட்டு எழுதி வைக்க உள்ளூர் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் முன்வர வேண்டும்.